வாவிக்கு அக்கரையில் ஒரு பிரதி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், கல்லடியிலிருந்து ஒரு தந்தையும் தாயும் தம் மகளை அழைத்துக்கொண்டு என் இல்லத்துக்கு வந்திருந்தனர். மகள் என்னிடம் உயர்தர வகுப்பிலே பயில்பவள். தந்தையாரின் கையிலே கடைக்காரர் ஒருவர் எழுதிக் கொடுத்த கடதாசித் துண்டு இருந்தது. அதிலே இரண்டு பொருள்களின் பெயர்கள் காணப்பட்டன. ஒன்று, ஆறு கொம்புகள் முளைத்த வைஃபை ரவுட்டர். மற்றையது, இரண்டு வன்தட்டுகளைத் தன்னுள்ளே வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் கையடக்கத் தொலைபேசிகளுக்கும் பொதுவான களஞ்சியமாக நின்று பணிசெய்யும் ஒரு பெட்டி. ‘நாஸ்’ என்று அதனைச் சுருக்கமாக வழங்குகின்றனர். இரண்டினதும் விலையைக் கூட்டிப் பார்த்தேன். அது தந்தையாரின் ஒரு மாதச் சம்பளத்தை முழுதாய் விழுங்கி, அடுத்த மாதத்துச் சம்பளத்திலும் வாய் வைத்திருந்தது.

“சேர், இது ரெண்டையும் வாங்கினா எங்கட படமெல்லாம் இனி ஒருநாளும் அழியாதெண்டு கடையில சொல்றாங்க. மெய்தானா?” என்று கேட்டவர் தாயார்.

அவர் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் கடல் ஊருக்குள் புகுந்தபோது, அவர்கள் கல்லடிக் கடற்கரையை அண்டிய வீடொன்றில் வாழ்ந்திருந்தனர். உயிர்கள் தப்பின. திருமண அல்பம், மூத்த மகனின் குழந்தைப் பருவத்துப் படங்கள், பிறப்புச் சான்றிதழ்கள், அவருடைய தகப்பனார் கைப்பட எழுதிவைத்த குடும்பக் குறிப்புப் புத்தகம் யாவும் ஒரே காலையிலே போயின. “கொக்கட்டிச்சோலையில அக்கா வீட்டுச் சுவரில மாட்டியிருந்த எங்கட கலியாணப் படம் ஒண்டுதான் சேர் மிஞ்சினது” என்றார். கடலுக்குப் பின் பிறந்த மகள் இதனைப் பலமுறை கேட்டிருக்க வேண்டும்; தலையைக் குனிந்தபடி கடதாசித் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

இன்று அவர்களிடம் உள்ளவை மூன்று தொலைபேசிகளிலும் ஒரு பழைய மடிக்கணினியிலும் சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ 180 கிகாபைட் படங்களும் ஒளிப்பதிவுகளும். அவற்றுள் ஒன்று, இறந்துபோன பாட்டியார் பேரப்பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுவது. அதன் பிரதி வேறெங்கும் இல்லை. ‘அழியாது’ என்று ஒரு சொல்லால் விடைகூற என்னால் இயலவில்லை. அன்று அவர்களுக்குச் சொன்னவற்றையும், சொல்ல நேரமில்லாது விட்டவற்றையும் இங்கே எழுதுகின்றேன்.

முதலில் ரவுட்டரை முடித்துவிடுவோம். அது எளிய விடயம்.

ஒளியிழை இணைப்பு எடுத்த வீடுகளுக்கு நிறுவனத்தார் பொருத்திச் செல்லும் பெட்டியே பெரும்பாலும் வைஃபை ரவுட்டராகவும் இருக்கும். வீட்டிலே ஒரு ரவுட்டர் இருப்பதை அறியாமலே இன்னொன்றை வாங்கிச் செல்வோரை நான் கண்டிருக்கின்றேன். முதற் சோதனை அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதே. கம்பி வந்து நுழைந்த இடம் வாசற்புறத்து மூலையாயிருக்கும். அங்கேயே, தொலைக்காட்சிக்குப் பின்னால், அலுமாரிக்குள்ளே அதனை ஒளித்துவைத்துவிட்டு, குசினியிலே இணையம் வரவில்லை என்று குறைகூறுகின்றோம். வீட்டின் நடுவே, ஆள் உயரத்துக்கு மேலே, சுவரிலே ஒரு பலகை அடித்து அதனை வைத்துப் பாருங்கள். சில யார் வயரும் ஒரு பலகையும் புதிய ரவுட்டரின் விலையை மிச்சப்படுத்தக்கூடும். மீன் தொட்டிக்கு அருகில் வைக்க வேண்டாம்; நீர் இந்த அலைகளை உறிஞ்சிவிடும். தகரமும் கம்பி கட்டிய கொங்கிரீட்டும் அவற்றுக்குப் பகை. பழைய ஓட்டு வீடுகள் இவ்வகையில் பாக்கியம் செய்தவை.

அலைகள் இரு வகைப்படும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை தூரம் செல்லும், சுவரைக் கடக்கும். ஆனால் வேகம் குறைவு, அயல்வீட்டு ரவுட்டர்களோடும் நெரிபடும். 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது. இரண்டு கற்சுவர்களுக்கு அப்பால் களைத்துவிடும். இரண்டும் உள்ள ரவுட்டரையே வாங்க வேண்டும். பெட்டியின் மேலே ‘1200’ என்று பெரிதாய் அச்சிட்டிருப்பார்கள். அஃது ஓர் அலையின் 300ஐயும் மற்றையதன் 867ஐயும் கூட்டி, அதனையும் மேல்நோக்கி முழுமையாக்கிய தொகை. ஒரு தொலைபேசி சாதாரணமாக ஒரு வேளையில் ஓர் அலையைத்தான் பற்றிக்கொள்ளும். ஆதலின் அந்தத் தொகையை எவரும் தம் கண்ணாற் காண்பதில்லை. கொம்புகளின் கதையும் இதுவே. எருமையின் கொம்பைப் பார்த்துத் தயிரின் சுவையைச் சொல்ல முயல்வாருண்டோ? நம்மூரில் இல்லை. நாலறை கொண்ட ஒரு வீட்டுக்கு, இரண்டு அலையும் உள்ள சாதாரண ரவுட்டர் தாராளமாகப் போதும்.

வைஃபையில் 5, 6, 7 என்று தலைமுறைகள் உண்டு. ஆறாம் தலைமுறைக்குச் சான்றளிப்பது 2019இலும் ஏழாவதற்கு 2024இலும் தொடங்கின. ஏழாவதற்குப் பணம் கொடுப்பது இப்போதைக்கு வீண். உங்கள் தொலைபேசி ஏழாவதைச் சேர்ந்ததன்றெனில் பயனுமில்லை. ஆறாவதை வாங்குதல் நன்று. வேகத்துக்காக அன்று, சான்று பெற்ற ஆறாம் தலைமுறைக் கருவிகளில் ‘டபிள்யூபிஏ3’ என்னும் புதிய பாதுகாப்பு முறை கட்டாயமாக இருக்கும் என்பதற்காக.

ஆனால் ஓரிடத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ரவுட்டரின் பின்புறத்தில் கம்பி செருகும் துளைகள் உள்ளன அல்லவா? மலிவான சிலவற்றில் அவை விநாடிக்கு 100 மெகாபிட் வரையே கடத்தும். மற்றவற்றில் 1000 மெகாபிட். இணையத்துக்கு இந்த வேறுபாடு அநேகமாய்த் தெரியாது. வீட்டுக்குள்ளேயே படங்களை ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்கு மாற்றும்போதுதான் தெரியும். 100 கிகாபைட்டை முதல் வகைத் துளையினூடாக மாற்ற இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாகும். இரண்டாம் வகையில், வட்டு ஈடுகொடுக்குமாயின், கால் மணித்தியாலமே. பிரதி எடுப்பது இரண்டு மணித்தியால வேலையென்றால் மனிதர் அதனை நாளைக்கென்று தள்ளிவைப்பார்கள். நானும் தள்ளிவைத்தவன்தான்.

ஒளியிழை எட்டாத படுவான்கரைக் கிராமங்களில் சிம் அட்டை இடும் 4ஜி ரவுட்டரே கதி. அதனை வாங்கும்போது, அது ஒரு நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்று கேட்டறிக. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்றும் பார்க்க. இவ்வகை ரவுட்டருக்கு வீட்டின் நடுவிடம் எப்போதும் பொருந்தாது. கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய ஜன்னலோரம் அதற்கு நல்லது.

எந்த ரவுட்டரானாலும் வீட்டுக்கு வந்த அன்றே தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். 2016இல் ‘மிராய்’ என்னும் தீய நிரல், இவ்வாறு மாற்றப்படாத அறுபதுக்குச் சற்று மேற்பட்ட கடவுச்சொற்களை வைத்துக்கொண்டே, உலகெங்கும் இலட்சக்கணக்கான ரவுட்டர்களுக்குள்ளும் கண்காணிப்புக் கமராக்களுக்குள்ளும் நுழைந்தது. பூட்டை உடைக்கவில்லை, திறப்பு படலையிலேயே தொங்கியது. மேலும், தயாரித்த நிறுவனம் இன்னும் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகின்ற மாதிரியா என்று பார்த்து வாங்குக. கடையின் மூலையில் நெடுங்காலமாகத் தூசி படிந்த பெட்டி பாதி விலைக்குக் கிடைக்கிறதென்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை விளக்கணைத்திருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உபமின் நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அமைச்சர் கூறினார். அனுமாருக்குப் பிறகு இலங்கையை இவ்வளவு கலக்கிய வானரம் வேறொன்றில்லை எனலாம்! ரவுட்டர் மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குவது. பெரும்பாலானவற்றுக்கு 12 வோல்ற் போதும். அதற்கென்றே கைக்கடக்கமான சிறு மின்கலப் பெட்டிகள் விற்கின்றன. பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, நாலு கொம்பு கூடிய ரவுட்டரைக் காட்டிலும் அஃது உபகாரமானது.

இனிப் பெட்டிக்கு வருவோம். தாயாரின் கேள்வி இதனைப் பற்றியதே.

இரண்டு வன்தட்டுகளிலும் ஒரே சமயத்தில் ஒன்றையே எழுதிவைக்கும் முறைக்கு ‘ரெய்ட்’ என்னும் குடும்பப் பெயர் உண்டு. 1988இல் அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கற்ஸ் என்னும் மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்த பெயர் அது. அந்தப் பெயரின் மூன்றாம் ஆங்கில எழுத்து ‘மலிவான’ என்ற சொல்லைக் குறிப்பதாகும். விலையுயர்ந்த ஒரு பெருந்தட்டுக்குப் பதிலாக, மலிவான பல சிறு தட்டுகளை ஒன்றாய்ச் சேர்த்து, ஒன்று பழுதுற்றாலும் மற்றவை ஈடுசெய்யும்படி அமைக்கலாம் என்பது அவர்தம் கருத்து. அதனையே இன்று நமக்கு விலையுயர்ந்த பெட்டியாக விற்கின்றனர்.

பெட்டி பயனற்றதென்று நான் சொல்லவில்லை. ஒரு வன்தட்டு தானாகத் தேய்ந்து செத்தால், மற்றையது வேலையை நிறுத்தாமல் தொடரும். அலுவலகத்துக்கும் படம்பிடிப்பவரின் கடைக்கும் அது பெரிய காரியம். ஆனால் அந்த இரண்டு தட்டுகளும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. ஒரே வயரில் மின்சாரம் குடிக்கின்றன. ஒரே கூரையின் கீழே வசிக்கின்றன. கைதவறி ஒரு கோவையை நீக்கினால் இரண்டிலிருந்தும் அக்கணமே நீங்கும். கள்வன் தூக்கிச் சென்றால் இரண்டையும் சேர்த்தே தூக்குவான்.

இதனை நான் நூலிற் படித்து அறியவில்லை. படுவான்கரையிலே எனக்குத் தெரிந்த ஓர் அண்ணாவியார் இருந்தார். வடமோடிக் கூத்து ஒன்றை முதலிலிருந்து இறுதி வரை, மத்தளத்தோடு, பல இரவுகளாகப் பாடிப் பதிவுசெய்ய இசைந்தார். பதிவு செய்தவர் அவருடைய மருமகன், கவனமான மனிதர். ஒரு தட்டிலே வைத்தால் ஆபத்தென்று அறிந்து, இரு தட்டுப் பெட்டியொன்றை வாங்கி அதிலே சேமித்தார். அண்ணாவியார் மறுவருடம் காலமானார். அதற்கடுத்த ஐப்பசியில், மழைக்கு முன்னே இடி மட்டும் முழங்கிய ஒரு பின்னேரத்தில், மின்னல் வீட்டு மின்கம்பி வழியாக இறங்கியது. பெட்டியும் போயிற்று, இரண்டு தட்டுகளும் போயின. எஞ்சியது, பேரன் ஒருவன் தன் பாத்திரத்தின் பாட்டைப் பழகுவதற்காகத் தன் தொலைபேசியிலே பிரதிசெய்து வைத்திருந்த பகுதி மட்டும், சுமார் 40 நிமிடம். மருமகன் அதனை எனக்குப் போட்டுக் காட்டியபோது நாங்கள் இருவரும் பேசவில்லை.

நம் பக்கத்தில் சித்திரையும் ஐப்பசியும் இடிமின்னலுக்குப் பேர்போன மாதங்கள். ஒளியிழை மின்னைக் கடத்தாது, மின்குதை கடத்தும். மின்னழுத்தப் பாதுகாப்புப் பலகை ஓரளவு காக்கும். ஆயினும் வானம் இருண்டதும் செருகியைக் கழற்றிவிடுவதைப் போல வேறொன்றில்லை. முழுப் பாதுகாப்பு, சுவரோடு எவ்விதத் தொடர்புமின்றி அலுமாரிக்குள்ளே உறங்கும் தட்டுக்கு மட்டுமே உண்டு.

மின்னல் மட்டுமா? 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி நம் நாட்டு அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையைப் பணயம் கேட்கும் தீய நிரலொன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட அரச திணைக்களங்களின் சுமார் 5000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. பிரதி இல்லாமலில்லை, இருந்தது. ஆனால் அதுவும் அதே வலையமைப்பிலே இணைந்திருந்தமையால் அதனோடு சேர்ந்தே பூட்டப்பட்டது. தனியே கழற்றிவைத்த பிரதி இல்லாத காரணத்தால், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அரசாங்கத்துக்கே இது நேர்ந்ததென்றால், கல்லடியிலுள்ள ஒரு வீட்டுப் பெட்டியின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ?

2021 ஜூன் மாதத்தில் நடந்தது இன்னும் விசித்திரமானது. ‘மை புக் லைவ்’ என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டியை உலகெங்கும் பலர் இணையத்தோடு இணைத்து வைத்திருந்தனர். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2015இலேயே நின்றுபோயிருந்தன. ஒருநாள் காலையில் அவர்கள் எழுந்து பார்த்தபோது பெட்டிகள் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளைப் போல வெறுமையாய் இருந்தன. கடவுச்சொல் கேளாமலே யாவற்றையும் அழிக்கும் கட்டளையை ஏற்கும் ஓட்டையொன்று அதில் இருந்ததாம். ஆகவே, நாஸ் பெட்டி வாங்கியே தீருவேன் என்போர் அதனை வெளியூரிலிருந்து திறக்கும் வசதியை மூடிவைக்க. கொழும்பிலிருந்து வீட்டுப் படத்தைப் பார்ப்பது அவ்வளவு அவசரமான காரியமா?

செலவையும் பாருங்கள். இரவு பகலாய் இயங்கும் இரு தட்டுப் பெட்டி 15 வாற்ஸ் குடிக்கிறதென்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு ஏறத்தாழ 11 அலகு. நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. அந்த 11 அலகு உங்களை மேற்படிக்குத் தள்ளிவிட்டால், முழுக் கட்டணமும் பாய்ந்து உயரும். இன்னொன்று: பெட்டி பழுதானால், அதற்குள் இருக்கும் தட்டைக் கழற்றி வீட்டு மடிக்கணினியில் செருகினால் பெரும்பாலும் திறக்காது. பெட்டிகள் தமக்கென வேறு கோவை முறையைப் பயன்படுத்துகின்றன. சாதாரண வெளித்தட்டை எவர் வீட்டிலும் செருகிப் பார்க்கலாம்.

ஆகையால் அந்தக் குடும்பத்துக்கு நான் எழுதிக்கொடுத்த கடதாசி வேறாக இருந்தது. இரண்டு அலையும் 1000 மெகாபிட் துளைகளும் யூஎஸ்பி துளையும் கொண்ட நடுத்தர ரவுட்டர் ஒன்று. ஒரு டெராபைட் கொள்ளும் சாதாரண வெளித்தட்டுகள் இரண்டு. ஒன்றை ரவுட்டரின் யூஎஸ்பி துளையிலே செருகினால், வீட்டிலுள்ள யாவரும் தம் தொலைபேசியிலிருந்தே படங்களை அதிலே இறக்கலாம். நாஸ் பெட்டியின் வேகம் வராது. ஆனால் வேகமாய் எழுதப்பட வேண்டிய எது அவர்கள் வீட்டில் இருக்கிறது? மகள், தன் பழைய மடிக்கணினியிலே லினக்ஸ் நிறுவி அதனையே சேமிப்பகமாக்கலாமா என்று கேட்டாள். தாராளமாகச் செய்யட்டும்; பரீட்சை முடிந்த பிறகு. அவளுக்கு அது பாடமாகும். குடும்பத்தின் படங்களைப் பாடத்துக்குப் பலியிடாமல் இருந்தாற் சரி.

வெளித்தட்டை வாங்கும்போது ஒரு சோதனை. பழைய தட்டுகளைப் புதியவை என்று விற்போர் உளர். ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருள், தட்டு இதுவரை எத்தனை மணித்தியாலம் இயங்கியிருக்கிறது என்று காட்டும். வருடமொன்றுக்கு 8760 மணித்தியாலம் என்பதை நினைவிற்கொண்டு கடையிலேயே பாருங்கள். பென் டிரைவை நெடுங்காலச் சேமிப்புக்கு நம்ப வேண்டாம்.

இரண்டாவது தட்டு எதற்கு? அதுவே இந்தக் கடதாசியின் உயிர். அது கல்லடி வீட்டில் இருக்கவே கூடாது.

பீற்றர் குறோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: பிரதிகள் 3, அவை இருக்கும் ஊடகங்கள் 2, அவற்றுள் வேறிடத்தில் இருப்பது 1. இதனை அமெரிக்கர் சொல்லித்தான் நாம் அறிய வேண்டுமா என்றும் எனக்குத் தோன்றுவதுண்டு. கண்ணகி வழக்குரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பகுதிக் கண்ணகை அம்மன் கோயில்களிலே வைகாசிச் சடங்கின்போது பாடப்படும் அந்தக் காவியம் நெடுங்காலம் ஏட்டிலேயே வாழ்ந்தது. ஏடு பூச்சிக்கும் ஈரத்துக்கும் இரையாவது. ஆனால் ஓரூர்க் கோயிலிலே ஏடு மங்கினாலும், இன்னோரூரிலே ஒருவர் அதனைப் பார்த்து எழுதிவைத்திருந்தார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1968இல் அதனை நூலாகப் பதிப்பித்தபோது, ஒப்புநோக்க ஏடுகள் கிடைத்தமைக்கு அந்தப் பெயரறியாப் பிரதிகாரர்களே காரணர்.

நம் வாவி இந்தக் கணக்குக்கென்றே அமைந்ததுபோல் இருக்கின்றது. எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய நிலம். அதன் அச்சம் கடல். படுவான்கரையின் அச்சம் வேறு. மேற்கே பெய்யும் மழை குளங்களை நிரப்பிக்கொண்டு வயல்வெளியிலே இறங்கும்போது, 2011 ஜனவரியில் நடந்தது போல, வெள்ளம் வரும். கடலேறும் நாளும் வெள்ளம் வரும் நாளும் ஒன்றாய் வருவது அரிது. கல்லடித் தட்டும் கொக்கட்டிச்சோலைத் தட்டும் ஒரே நாளில் நனைவதற்கு வாய்ப்புக் குறைவு. முன்னர் தோணியும் பாதையும் ஏறிச் செல்லவேண்டிய தூரம், 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் மோட்டார் சைக்கிளிலே சென்று மீளக்கூடியதாயிற்று.

அரிது என்றேனே தவிர, இல்லை என்று சொல்லவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளி கரை பார்க்கவில்லை. ஆதலின், மிக அருமையான சிலவற்றுக்கு, அதாவது பாட்டியின் தாலாட்டு, சான்றிதழ்கள், காணி உறுதியின் படம் ஆகியவற்றுக்கு, மாவட்டத்துக்கு வெளியே மூன்றாவது இடமொன்று வேண்டும். கூகுள் நிறுவனம் ஒவ்வொரு கணக்குக்கும் இலவசமாய் அளிக்கும் 15 கிகாபைட் அதற்குப் போதும். 2021 ஜூன் 1ஆம் திகதி வரை, சற்றுச் சுருக்கிய படங்களை எல்லையின்றிச் சேமிக்க அந்நிறுவனம் இடமளித்தது. அதற்குப் பின் நிறுத்திவிட்டது. அந்த நாளை நினைத்தால், எல்லாவற்றையும் பிறர் களஞ்சியத்திலே போட்டுவிட்டு இருப்பதும் சரியன்று எனத் தோன்றும். அந்தரங்கமான ஆவணங்களைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய கோவையாகவே அங்கும், உறவினர் வீட்டிலும் வைக்க. அந்தக் கடவுச்சொல்லை வீட்டிலே ஒருவர் மட்டும் அறிந்திருப்பதும் ஆபத்தே.

மாதந்தோறும் தட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். எழுதப்பட்ட தட்டு அக்கரைக்குப் போக, அங்கிருந்தது இக்கரைக்கு வரும். அவ்வாறு வரும்போது அதனைத் திறந்து, சில படங்களையேனும் உண்மையிலே பார்க்க வேண்டும். பார்க்காத பிரதி உயிரோடிருக்கிறதா என்பது எவருக்கும் தெரியாது. “மாதம் ஒருக்கா ஞாபகம் வைக்க ஏலுமா?” என்று தந்தையார் தயங்கினார். “ஏன், போயா லீவு இருக்குத்தானே அப்பா” என்றாள் மகள். என் இருபது வருட ஆசிரியப் பணியில் மாணவரிடமிருந்து பெற்ற நல்ல விடைகளுள் அதுவும் ஒன்று.

சென்ற போயா தினத்தன்று மூவரும் கொக்கட்டிச்சோலைக்குப் போயிருக்கின்றனர். தட்டைக் கையில் வாங்கிப் பார்த்த பெரியம்மா, “இதுக்குக் கரண்டு குடுக்க வேணுமா புள்ள?” என்று கேட்டாராம். “ஒண்டும் வேணாம் பெரியம்மா, சும்மா சீலை அலுமாரிக்குள்ள வைங்க” என்று சொல்லிவிட்டு, மகள் கதிரையிலே ஏறிச் சுவரிலிருந்த கலியாணப் படத்தை இறக்கியிருக்கின்றாள். இருபது வருடத்துக்கு மேலாய் இறக்காத படம். சட்டத்தைக் கழற்றி, வெளிச்சத்திலே வைத்து, தன் தொலைபேசியாற் கவனமாய்ப் படமெடுத்திருக்கின்றாள். படத்தின் பின்புறத்தில் 1998 என்ற ஆண்டும், கடலோடு போன தாத்தாவின் கையெழுத்தில் இரண்டு வரியும் இருந்தனவாம். அதனையும் படமெடுத்து இரண்டு தட்டிலும் சேர்த்துவிட்டதாக மறுநாள் வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து சொன்னாள்.